ஊசியை ஏற்றார், கையை ஏற்றிலர்

நோயால் வருந்துகிறவன், தன் வலியைத் தீர்க்கும் மருந்து எந்நாட்டில் பிறந்தது, எவ்வினத்தார் கையில் வளர்ந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் வலியறியாதவர்களே. சிகிச்சையை அனுமதிக்கும் அதிகாரமும், அதற்குப் பணங்கொடுக்கும் பெட்டியின் திறவுகோலும் அத்தகையோர் கையிலிருக்குமாயின், பயனுள்ள ஒரு வைத்தியம் ஏழைகளிடமும் முதியோரிடமும் வந்துசேர எத்தனை தலைமுறை கழியும்? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவில் சீன ஊசி வைத்தியத்தின் வரலாறு தக்கதொரு விடையாகும்.

2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள் அந்நாட்டு அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. 65 வயது கடந்தோர்க்கென நடைபெறும் மெடிகேர் என்னும் அரசாங்க மருத்துவக் காப்பீட்டில், நாட்பட்ட இடுப்புவலிக்கு ஊசி வைத்தியம் செய்துகொள்ளும் செலவை இனி அரசாங்கமே ஏற்கும் என்பது அவ்வாணையின் சாரம். மெடிகேர் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள். ஆகவே அச்சட்டம் பிறந்து ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்வூசி அதற்குள் நுழைய முடிந்தது. நுழைந்தபின்னும் அதன் வழி எத்துணை ஒடுக்கமாயிருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஊசி வைத்தியம் என்றவுடன் ஆஸ்பத்திரியில் மருந்தேற்றும் ஊசியை நினைத்தல் கூடாது. இது மருந்தில்லாத ஊசி. மயிரிழையினும் சற்றே தடித்தது. உடம்பின் குறித்த இடங்களில் அதனைச் செருகி, சிறிது நேரம் இருக்கவிட்டு எடுத்துவிடுவர். மேனாட்டார் இதனை அக்குபங்சர் என்பர். ஊசி, குத்துதல் என்று பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்களின் கூட்டே அப்பெயர். சீனர் வைத்தியசாலைகளை நாள்தோறும் கடந்து செல்லும் நம்மவர்க்கு இது புதியதன்று.

சிறைக்கூடத்திலிருந்து பாடநூலுக்கு

அமெரிக்கர் ஊசி வைத்தியத்தை அண்மையிலேயே அறிந்தனர் என்று பலர் நினைக்கின்றனர். அது பிழை. பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் பேரறிஞரின் கொள்ளுப்பேரர் பிராங்கிளின் பேச் என்ற டாக்டர், 1825இல் இவ்வைத்தியம் பற்றிய பிரெஞ்சு நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அதனோடு நில்லாது, பிலடெல்பியா நகரத்துச் சிறைக்கூடத்தில் வலியால் வருந்திய கைதிகளுக்கு ஊசி செருகிப் பார்த்து, கண்ட பயனை 1826இல் எழுதி அச்சிட்டார். புதிய சிகிச்சையின் முதற்சோதனை கைதிகளின் உடம்பிலே நடந்தது. மறுக்க முடியாத நிலையிலிருப்போர் மேல் முதலிற் சோதித்துப் பார்க்கும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு போலும்.

பின்னர் 1892இல் வில்லியம் ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற வைத்திய ஆசிரியர், பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையிலிருந்தபோது, ஒரு பெரிய பாடநூலை வெளியிட்டார். பல்லாண்டுகள் மேனாட்டு வைத்திய மாணாக்கர் கையில் தவழ்ந்த நூல் அது. திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் வலிக்கு ஊசி குத்துதலைப்போல் பயன் தரும் சிகிச்சை வேறில்லை என்று அந்நூலில் அவர் எழுதினார். அதற்குத் தனி ஊசிகூட வேண்டுவதில்லை. மாதர் தொப்பியிற் குத்தும் நீண்ட ஊசியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினாலே போதும் என்றும் கூறினார். 1892இல் வைத்தியப் பேராசிரியர் ஒருவர் இடுப்புவலிக்கென்று எழுதிவைத்த சிகிச்சைக்கு, 128 ஆண்டுகள் கழித்து, அதே இடுப்புவலிக்கு மட்டும் அரசாங்கம் பணங்கொடுக்க இசைந்தது. வியப்பு இதுவன்றோ!

இடையிலே நேர்ந்தது யாது? இக்கலையைப் பரம்பரையாகக் கையாண்ட சீனரையே அமெரிக்கா வெறுத்தது. 1882இல் சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கச் சட்டம் செய்தனர்; அச்சட்டம் 1943ஆம் ஆண்டு வரை நீடித்தது. சீனன் வேண்டா என்றபோது அவன் வைத்தியம் மட்டும் வேண்டப்படுமா? சீனர் குடியிருப்புகளின் உட்புறத்தே அக்கலை ஒடுங்கிக் கிடந்தது.

இக்காலத்தில் வாழ்ந்த சீன வைத்தியர் ஒருவரின் செய்தி மறக்கற்பாலதன்று. ஆரிகன் மாகாணத்தில் ஜான் டே என்ற சிற்றூரில் இங் ஹே என்பவர் நாடி பார்த்து மூலிகை கொடுத்து வந்தார். வெள்ளையரும் அவரை நாடி வந்தனர். 1952இல் அவர் காலமான பின்பு, நோயாளிகள் கட்டணமாகக் கொடுத்துச்சென்ற காசோலைகள் மாற்றப்படாமலே அவருடைய கட்டிலின் கீழ்க் கிடந்தன. அவற்றின் மொத்தத் தொகை 23,000 டாலருக்கு மேற்பட்டது. பஞ்சகாலத்தில் ஏழைகளிடம் பணம் பெற மனமின்றி அவர் அவற்றை மாற்றாமல் வைத்திருந்தார் என்பர். இவர் ஊசி வைத்தியரல்லர். எனினும், சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத வைத்தியன் ஒருவன் மக்களின் நம்பிக்கை ஒன்றைக்கொண்டே வாழ்ந்தான் என்பதற்கு அவர் சான்றாவார்.

ஒரு பத்திரிகையாளரின் வயிற்றுவலி

1971ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங் நகரம் சென்றார். அங்கே அவருக்குக் குடல்வால் வீங்கிற்று. ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை என்று அப்போது பெயர் பெற்றிருந்த இடத்தில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அமெரிக்கக் கோடீசுவரரான ராக்கெபெல்லரின் அறநிதியால் வளர்ந்த மருத்துவமனைக்கே அப்பெயர் சூட்டப்பட்டிருந்தது என்பது காலத்தின் விளையாட்டு! அறுவைக்கு முன் அவரை மரக்கச் செய்தது வழக்கமான ஊசிமருந்தே. அறுவைக்குப்பின் வயிறு உப்பி வருந்தியபோதுதான், முழங்கையிலும் முழங்காலின் கீழும் மெல்லிய ஊசிகளைச் செருகினர். சிறிது நேரத்தில் நோவு தணிந்ததென்று அவர் தம் பத்திரிகையில் எழுதினார். மரக்கவைக்கும் மருந்தின்றி ஊசியைக்கொண்டே அவர் வயிற்றை அறுத்தனர் என்று பிற்காலத்தில் கதை வளர்ந்துவிட்டது. உண்மை மேலே சொன்னதே. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜனாதிபதி நிக்சன் சீனா சென்றார். அமெரிக்கர் காதில் ஊசி வைத்தியத்தின் பெயர் ஓயாது ஒலிக்கலாயிற்று.

1973இல் நெவாடா மாகாணம் ஊசி வைத்தியரை உரிமம் பெற்ற தொழிலாளராக முதன்முதல் ஏற்றது. ஏற்ற விதம் வேடிக்கையானது. மாகாணத் தலைநகரான கார்சன் நகரில் சட்டசபைக் கட்டடத்திற்கு எதிரே ஒரு விடுதியில் சீன வைத்தியர் ஒருவரை அமர்த்தி, உறுப்பினர்களை அழைத்துச் சிகிச்சை செய்வித்தனர். தம் முதுகிலும் தோளிலும் ஊசியின் பயனை உணர்ந்த சட்டசபையினர், மசோதாவுக்குப் பெருவாரியாகக் கைதூக்கினர். வலி தீர்ந்தவன் வாக்களித்தான்!

கலிபோர்னியாவில் நடந்தது வேறு. சீனாவில் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்று, பின்னர்ச் சிங்கப்பூரில் வாழ்ந்து, அங்கிருந்து கலிபோர்னியா சென்றவர் மிரியம் லீ என்னும் மாது. பாலோ ஆல்டோ ஊரில் அவரிடம் நோயாளிகள் திரண்டனர். 1974இல், உரிமமின்றி வைத்தியம் செய்தார் என்று அவரைக் கைது செய்தனர். விசாரணை நாளன்று அவருடைய நோயாளிகளே நீதிமன்றத்தில் வந்து நிறைந்து, இவ்வைத்தியம் எங்கள் உரிமை என்று முழங்கினர். அப்போது ஆளுநராயிருந்தவர் ரொனால்டு ரீகன். உரிமம் வழங்கும் மசோதாக்களை மறுத்தவரும் அவரே. ஆயினும் இக்கிளர்ச்சியின் பின்னர், ஊசி வைத்தியத்தைச் சோதனைச் சிகிச்சை என்ற பெயரில் தொடர இடங்கொடுக்கும்படியாயிற்று. 1975இல் அடுத்த ஆளுநர் ஜெரி பிரவுன் உரிமச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இவ்வெற்றியைத் தேடித் தந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், நோயாளிகள்.

நியூயார்க் நகரின் தென் பிராங்ஸ் பகுதியிலோ ஏழைகளே ஊசியைக் கையில் எடுத்தனர். 1970இல் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் நீக்ரோ இன உரிமைக் கிளர்ச்சியினரும் லிங்கன் மருத்துவமனையின் ஒரு பகுதியைக் கைப்பற்றி, ஹெராயின் என்னும் நச்சுப்பழக்கத்தால் அழிந்துகொண்டிருந்த தம் மக்களுக்குச் சிகிச்சை நிலையம் அமைத்தனர். ஹாங்காங்கில் டாக்டர் வென் என்பவர், காதில் ஊசி செருகினால் அபின் விட்டவரின் உடல் வேதனை தணிகிறது என்று கண்டு 1973இல் எழுதியிருந்தார். அம்முறையை இவர்கள் கற்றுக் கையாண்டனர். காதில் ஐந்து இடங்களில் ஊசி செருகும் எளிய முறை இங்கிருந்தே நாடெங்கும் பரவிற்று. கைதி, குடியேறியவர், போதைக்கு அடிமையானவர் என்று தாழ்ந்தோர் படிகளின் வழியாகவே இக்கலை அமெரிக்காவில் மேலேறியது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

மூடிய கதவு

மாகாணங்கள் ஒவ்வொன்றாக உரிமம் வழங்கி வந்தபோதும், மத்திய அரசாங்கத்தின் பணப்பெட்டி திறக்கவில்லை. 1980இல் மெடிகேர் அலுவலகம், விஞ்ஞான முறையில் நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் பணங்கொடுப்பதற்கில்லை என்று தீர்ப்புரைத்தது. 1996இல் உணவு மருந்து நிர்வாகம், அதுவரை சோதனைக்குரிய கருவியென்று வைத்திருந்த ஊசியை, வழக்கமான வைத்தியக் கருவிகளின் வரிசையிற் சேர்த்தது. 1997 நவம்பரில் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு, அறுவைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டலுக்கும், பல்லறுவைக்குப் பின்வரும் வலிக்கும் ஊசி பயன்படுகிறது என்றும், இடுப்புவலி முதலியவற்றிற்குத் துணைச் சிகிச்சையாகலாம் என்றும் கூறிற்று. எனினும் 2004இல் மெடிகேர் மறுபடியும் மறுத்தது. முழங்கால் முதலிய மூட்டுத் தேய்வு வலிக்கும் ஊசி வைத்தியம் இல்லை என்றது. அக்கதவு இன்னும் மூடியே இருக்கிறது.

மறுப்பின் காரணம் முழுவதும் வெறுப்பே என்று கூறுதல் நேர்மையன்று. பொதுப்பணத்தைச் செலவிடுவோர் சான்று கேட்பது கடமையே. ஆனால், சான்று கேட்கும் அக்கண்டிப்பு எல்லா மருந்துக்கும் ஒரேவிதமாய் இருந்ததா என்பதே கேள்வி. இருக்கவில்லை என்பதை அடுத்துவந்த பெருந்துயர் காட்டிற்று.

மாத்திரை செய்த கொடுமை

1996இல், ஊசிக்கு வைத்தியக் கருவி என்ற பெயர் கிடைத்த அதே ஆண்டில், ஆக்சிகான்டின் என்ற வலிமாத்திரை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அபினின் இனத்தைச் சேர்ந்தது அது. பழக்கத்திற்கு அடிமையாக்கும் அபாயம் குறைவு என்று சொல்லி அதனை விற்றனர். அம்மாத்திரையை விற்ற பர்டூ கம்பெனி, தன் மருந்தின் தன்மையைத் திரித்துரைத்த குற்றத்தை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் நாடு அவ்வினத்து மருந்துகளில் மூழ்கிவிட்டது. 2017 அக்டோபரில் அரசாங்கம் இதனைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று பிரகடனம் செய்யும்படியாயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகள் கையாண்ட ஊசியிடம் சான்று கேட்டு நின்ற நாடு, நேற்று வந்த மாத்திரையின் வாய்ச்சொல்லை நம்பிக் கெட்டது.

இத்தீங்கு போர்வீரரைக் கொடுமையாகத் தாக்கியது. ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் முறிந்த முதுகோடும் கலங்கிய மனத்தோடும் திரும்பியவர்க்கு மாத்திரைமேல் மாத்திரை கொடுக்கப்பட்டது. 2014 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாகாணத்தில், முன்னாள் படைவீரருக்கான மருத்துவமனை ஒன்றில், ஜேசன் சிம்ககாஸ்கி என்ற 35 வயது வீரர், கொடுக்கப்பட்ட மருந்துகளின் கலப்பு நஞ்சாகி உயிர்நீத்தார். போர்க்களத்தில் இறவாதவர் மருத்துவக் கட்டிலில் இறந்தார். அவருடைய குடும்பத்தார் வாய்மூடி இருக்கவில்லை. 2016 ஜூலையில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட போதைநோய்ச் சட்டத்தில், படைவீரர் பற்றிய பகுதி அவ்வீரரின் பெயரையே தாங்கி நிற்கிறது. வலிக்கு மாத்திரையல்லாத பிற சிகிச்சைகளைப் படைவீரர் மருத்துவமனைகள் விரிவாக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.

ஊசி அதற்கு முன்பே பட்டாளத்துள் புகுந்துவிட்டது. விமானப்படை டாக்டர் ரிச்சர்டு நீம்சோ என்பவர், 2001இல் போர்க்கள ஊசி முறை என்ற ஒன்றை வகுத்தார். காதில் ஐந்து இடங்களில் மிகச் சிறிய ஊசிகளைப் பதித்துவிட்டால், அவை சில நாட்கள் அங்கேயே இருந்து தாமே உதிர்ந்துவிடும். அறையும் கட்டிலும் வேண்டா. வீரன் சட்டையையும் கழற்ற வேண்டா. காதின் வரைபடம் சீனர் தந்ததன்று. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் பால் நோஜியே என்ற டாக்டர் 1950களில் வகுத்தது. கலையறிவு எந்நாட்டின் தனிச்சொத்தும் அன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

2017 மே மாதம் முன்னாள் படைவீரர் நலத்துறை, ஊசி வைத்தியம், தியானம், யோகம், உடல் பிடித்துவிடுதல் முதலிய எட்டு முறைகளைத் தன் சிகிச்சைத் திட்டத்தில் ஏற்று ஆணை பிறப்பித்தது. 2018இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, உரிமம் பெற்ற ஊசி வைத்தியர்களைத் தன் சம்பளப் பட்டியலிலேயே சேர்க்கத் தகுதி விதிகள் வகுத்தது. இங்கே ஊசியும் ஏற்கப்பட்டது. ஊசி பிடித்த கையும் ஏற்கப்பட்டது.

முதியோர்க்குத் திறந்த சிறுவாயில்

படைவீரர்க்குத் திறந்த கதவு முதியோர்க்கும் திறக்க வேண்டுமென்ற குரல் எழுந்தது. 2017இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, இடுப்புவலிக்கு முதலில் மருந்தில்லாச் சிகிச்சைகளையே நாடுக என்று வழிகாட்டி, அவற்றுள் ஊசியையும் சேர்த்தது. 2019 ஜனவரியில் மெடிகேர் அலுவலகம் மறுஆராய்ச்சி தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில் வந்த முதல் யோசனை, ஆராய்ச்சியிற் சேரும் முதியோர்க்கு மட்டுமே பணம் என்றது. அடுத்த ஜனவரியில் வந்த இறுதி ஆணை அக்கட்டை அவிழ்த்துவிட்டது. நாட்டையலைத்த போதைமருந்துக் கேடே இவ்விரைவுக்குக் காரணம் என்பது வெளிப்படை.

ஆணையின் விதிகளைக் காண்போம். வலி 12 வாரம் அல்லது அதற்கு மேல் நீடித்திருத்தல் வேண்டும். அது புற்றுநோய், கிருமித்தொற்று போன்ற குறித்ததொரு காரணத்தால் வந்ததாயிருத்தலும், அறுவையைச் சார்ந்ததாயிருத்தலும் ஆகா. 90 நாட்களுள் 12 முறை ஊசி போட்டுக்கொள்ளலாம். குணங்கண்டால் மேலும் 8 முறை. ஓராண்டில் 20 முறைக்கு மேல் இல்லை. கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதியவரே தருதல் வேண்டும். முழங்கால் தேய்ந்து படியேற மாட்டாத மூதாட்டிக்கும், ஒற்றைத் தலைவலியால் துடிப்பவர்க்கும் இவ்வாணையால் பயனில்லை. இடுப்புவலி ஒன்றே வலி எனக் கொண்டது இவ்வாணை.

சான்று சொல்வது என்ன?

பழையது ஆதலின் உயர்ந்தது என்று ஒரு கூட்டத்தார் பேசுவர். அது மேனாட்டு உடற்கூற்று நூலில் இல்லை ஆதலின் பொய் என்று மற்றொரு கூட்டத்தார் பேசுவர். பகுத்தறிவுடையோர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அளந்து பார்ப்பர். உடம்பில் உயிர்ச்சக்தி ஓடும் வழிகள் உண்டு என்பது பழஞ்சீனர் கொள்கை. அவ்வழிகளை அறுத்துப் பார்த்துக் கண்டவர் எவருமில்லை. ஆயினும், சொல்லும் காரணம் பிழையாயிருந்தும் செய்யும் காரியம் பயன் தருதல் கூடும். ஆதலின் காரணம் வேறு, பயன் வேறு என்று பிரித்து ஆராய்தல் வேண்டும்.

ஜெர்மனியில் 1,162 இடுப்புவலி நோயாளிகளை மூன்றாகப் பிரித்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர்க்குச் சீன முறைப்படி ஊசி. இன்னொரு பகுதியினர்க்கு முறையல்லாத இடங்களில் மேலோட்டமான பொய் ஊசி. மூன்றாம் பகுதியினர்க்கு மாத்திரையும் உடற்பயிற்சியுமான வழக்கச் சிகிச்சை. ஆறு மாதத்திற்குப்பின் குணங்கண்டோர், முறையான ஊசியில் நூற்றுக்கு 47.6 பேர், பொய் ஊசியில் 44.2 பேர், வழக்கச் சிகிச்சையில் 27.4 பேர்.

இக்கணக்கு இருசாராரையும் தலைகுனியச் செய்கிறது. குறித்த இடமே உயிர்நாடி என்ற வைத்தியரின் பெருமையை, பொய் ஊசியின் 44.2 உடைக்கிறது. ஊசி வெறும் ஏமாற்று என்ற டாக்டரின் செருக்கை, தம் சிகிச்சையின் 27.4 உடைக்கிறது. நம்பிக்கையாலோ, தோலைத் தொட்டதாலோ, வைத்தியன் அருகில் அமர்ந்து கேட்ட அன்பாலோ, எதனாலாயினும் ஆகுக. வலிப்பட்டோருக்கு மாத்திரையினும் மிகுந்த ஆறுதல் கிடைத்தது. ஜெர்மானிய அரசு அமைத்த மருத்துவக் காப்பீட்டு மன்றம், 2007ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இடுப்புவலிக்கும் முழங்கால் வலிக்கும் ஊசிச் செலவை ஏற்கச் செய்தது.

அமெரிக்க மெடிகேர் ஆணை பிறந்தபோது, 65 வயது கடந்தோரிடத்தே செய்த சோதனைகள் மிகக் குறைவு என்ற குறை இருந்தது. அக்குறையைப் போக்க அரசாங்கப் பொருளுதவியோடு 800 முதியோரைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2025இல் வெளியாயிற்று. ஊசி பெற்றோர், வழக்கச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட, ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எழுந்து நடமாடித் தம் வேலைகளைச் செய்துகொள்வதில் மேம்பட்டிருந்தனர். பெரிய அற்புதம் ஒன்றும் நிகழவில்லை, ஓரளவு நலமே. ஆனால் முதுமையில் ஓரளவு நலம் என்பது, பிறர் கையைப் பிடியாமல் எழுந்து நீர் மொண்டு குடிப்பதாகும். அதன் அருமை முதியோர்க்கே தெரியும்.

யார் பெயரில் எழுதுவது?

இனி, இவ்வாணையின் பெருங்குறைக்கு வருவோம். மெடிகேர்ச் சட்டம் பணம் பெறுதற்குரிய வைத்தியர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அப்பட்டியலில் ஊசி வைத்தியர் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகள் கலாசாலையில் இக்கலையையே பயின்று, பட்டமும் பெற்று, மாகாண உரிமமும் பெற்றவரானாலும், டாக்டரோ அவர்க்கொத்த அதிகாரமுடைய பிறரோ மேற்பார்வை செய்தால்தான் அவர் முதியவர்க்கு ஊசி செருகலாம். பணம் கேட்கும் சீட்டு அந்த மேற்பார்வையாளர் பெயரிலேயே போகும்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய எனக்கு இவ்விதியின் பொருள் எளிதில் விளங்குகிறது. செக்ரோலில் பெயரேறாதவன் விடியலில் எழுந்து பால்வெட்டினாலும், வெட்டிய பால் தொழிற்சாலைக்குப் போகுமேயன்றி அவனுக்குக் கூலி வாராது. அவன் வெட்டியதை மற்றொருவன் பெயரில் எழுதிவிட்டு, அவனோடு நீ பகிர்ந்துகொள் என்பது எத்தகைய நியாயமோ, அத்தகையதே மெடிகேரின் நியாயமும். இதனால் நட்டம் வைத்தியனுக்கு மட்டுமன்று. மேற்பார்க்கும் டாக்டர் இல்லாத சிற்றூரில், உரிமம் பெற்ற ஊசி வைத்தியர் ஒருவர் இருந்தும், அங்குள்ள முதியவர் தம் கைப்பணத்தைக் கொடுத்தே வலியாற வேண்டியிருக்கிறது. பணமில்லாதவர் மாத்திரைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

மேற்பார்வை நோயாளியின் பாதுகாப்புக்காக என்பர். ஊசி தவறினால் நுரையீரலைத் துளைத்தலும் உண்டு; அபாயமில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவ்வபாயத்தைத் தடுப்பது பயிற்சியும் பரீட்சையும் உரிமமுமேயன்றி, ஊசி பிடித்தறியாத ஒருவரின் கையெழுத்தன்று. முன்னாள் படைவீரர் நலத்துறை அதே வைத்தியரைத் தன் ஊழியராகவே அமர்த்துகிறது. ஓர் அரசாங்கத்தின் ஒரு துறை நம்பும் கையை, மறு துறை நம்பாதது எவ்வாறு? வீரனுக்குத் தக்க கை முதியவனுக்குத் தகாதோ?

இக்குறையை நீக்க, அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் சீன அமெரிக்க மாதான ஜூடி சூ, முதியோர்க்கு ஊசி வைத்தியம் என்னும் மசோதாவை 2021இல் கொண்டுவந்தார்; பின்னர் 2023இலும் கொண்டுவந்தார். இரண்டும் சட்டமாகாமலே கழிந்தன. 2025இல் மும்முறையாக அது மன்றத்தின் முன் வந்தது. ஊசி வைத்தியரின் பெயரைப் பட்டியலிற் சேர்க்கச் செய்வதே அம்மசோதாவின் கோரிக்கை. வேறு பெரிய சலுகை ஒன்றும் அவர் கேட்கவில்லை.

அமெரிக்கக் கிழவரின் இடுப்புவலி நமக்கெதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். மலேசிய அரசாங்கமும் 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய வைத்தியப் பிரிவைத் திறந்து, நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்கும் ஊசி வைத்தியம் அளிக்கத் தொடங்கியது. 2016இல் இத்தொழிலுக்கென ஒரு சட்டமும் இயற்றியது. பால்வாளி சுமந்தும் செம்பனைக் குலை தூக்கியும் வளைந்த முதுகுகள் நம் மக்களிடையே ஏராளம். அவ்வலியோடு வாழ்வதே விதியென்று நம் முதியோர் எண்ணிக் கிடக்கின்றனர். விதியன்று அது; கவனிப்பாரற்ற நோய். எச்சிகிச்சை சோதனையில் தேறியது, அதனை அரசாங்கம் யாருக்கு, எவ்வளவு, யார் கையால் அளிக்கிறது என்று கேட்டறிதல் குடிமக்களின் உரிமை.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. சோதனையில் தேறியதை அரசாங்கம் தயங்காது முதியோர்க்கும் படைவீரர்க்கும் அளிக்கட்டும். சோதியாததைப் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா; பொதுச்செலவில் சோதிக்கட்டும். பயின்று தேறியவனை, அவன் எவ்வினத்தானாயினும், அவன் பெயராலேயே கணக்கில் எழுதட்டும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் சிறைக்கூடத்தில் தொடங்கிய ஊசியின் பயணம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. எஞ்சியிருப்பது பட்டியலில் ஒரு வரி. ஊசியை ஏற்ற பெட்டி, அவ்வூசியை இத்தனை காலம் காத்துவைத்த கையையும் ஏற்குமாயின், அந்நாள் முதியோர்க்கு நன்னாளாகும்.